புது ரயிலுக்குத் துரு பூசுகிறவர்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “எங்கள் மாப்பிள்ளை ஜெர்மனியில் எஞ்சினியர். வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு அறை முழுக்க ரயில் விட்டு வைத்திருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. கடையிலிருந்து வாங்கி வந்த புத்தம்புதுப் பெட்டிக்கு அன்று ராத்திரியே உட்கார்ந்து துரு பூசுகிறார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை இப்படிப் பாழாக்கலாமா? இதைப் பற்றி நீங்கள் எழுதக் கூடாதா?”

எழுதலாம் அம்மா. ஆனால் நான் மாப்பிள்ளை கட்சி.

வட்டத் தண்டவாளத்தில் சுற்றிச் சுற்றி வரும் பொம்மை ரயிலை எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளை செய்வது வேறு. அதற்கு மாடல் ரயில்வே என்று பெயர். ஸ்டேஷன், மலை, பாலம், ஊர் என்று பலகைமேல் எழுப்பும் மொத்தத்தையும் லேஅவுட் என்பார்கள். அங்கே ரயில், மரம், மனிதர் எல்லாமே ஒரே கணக்கில் சுருங்கியிருக்க வேண்டும். எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவில் படிக்குக் கீழே பார்க் போடும் வேலை என்னுடையது. மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்தால் புல் தயார். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்தால் குளம். ஆனால் அந்தக் குளத்து வாத்து பக்கத்தில் நிற்கும் பஸ்ஸைவிடப் பெரிதாக இருக்கும். மளிகைக் கடைச் செட்டியார் கோயில் கோபுரத்துக்கு மேலே தலை நீட்டுவார். கொலுவுக்கு அது அழகு. மாடல் ரயில்காரருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம்.

அவர்கள் கணக்கு கறாரானது. மிகுதியாகப் புழங்குவது எச்.ஓ. என்ற அளவை. நிஜத்தில் 87 அடி இருப்பது அதில் 1 அடி. 1,435 மில்லிமீட்டர் அகல ரயில்பாதை 16.5 மில்லிமீட்டராகிவிடும். இடம் போதாதவர்களுக்கு 160-இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவை இருக்கிறது. அதற்கும் இடமில்லாதவர்களுக்கு 220-இல் ஒரு பங்கான இசட். ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரைச் சேர்ந்த மெர்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் முறைப்படுத்திய தண்டவாள அகலங்களைக் கொண்டுவந்து காட்டியது. இன்று கொஞ்சம், அடுத்த பண்டிகைக்குக் கொஞ்சம் என்று தண்டவாளம் வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகும் பழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. பிரிட்டன்காரர்கள் கதை மட்டும் வேடிக்கை. அவர்கள் நாட்டு நிஜ எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை. 87-ஆல் வகுத்தால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. அதனால் எஞ்சின், பெட்டிகளை 76-இல் ஒரு பங்காகப் பெரிதாக்கிவிட்டு, பாதையை அதே 16.5 மில்லிமீட்டரில் விட்டுவிட்டார்கள். பிரிட்டிஷ் மாடல்களில் பெரும்பாலானவை இன்றும் தங்களுக்குச் சற்றே குறுகலான பாதையில்தான் ஓடுகின்றன.

லேஅவுட் கட்டுவது பாதி தச்சு வேலை, பாதி எலக்ட்ரீஷியன் வேலை. மரச்சட்டம் அடித்து, பலகை போட்டு, தண்டவாளம் பதித்து, அடியில் ஒயர் இழுக்க வேண்டும். மலைக்குத் தெர்மகோலை அடுக்கிச் செதுக்கி, பிளாஸ்டர் தோய்த்த துணியால் மூடுவார்கள். புல்லுக்குக் குட்டையான நைலான் இழைகள். மின்னூட்டம் கொடுத்துத் தூவினால் அவை பசையில் செங்குத்தாக நின்றுகொள்ளும். எஞ்சினுக்குள் ஒரு சில்லு வைத்து எண் கொடுத்துவிட்டால், ஒரே பாதையில் நிற்கும் இரண்டில் ஒன்றை மட்டும் கிளப்பலாம். இதெல்லாம் எவ்வளவு பெரிதாகப் போகும் என்று பார்க்க ஹாம்பர்க் நகரத்து மினியாட்டூர் வுண்டர்லாண்டுக்குப் போக வேண்டும். கெரிட் பிரவுன், ஃபிரெடெரிக் பிரவுன் என்ற இரட்டையர் 2001-இல் திறந்த அந்தக் காட்சிக்கூடம்தான் உலகின் மிகப் பெரிய மாடல் ரயில்வே என்று கின்னஸ் சொல்கிறது.

இதில் சுருங்க மறுக்கும் சங்கதிகளும் உண்டு. நீளத்தை 87-ஆல் வகுத்தால் கன அளவு 87 × 87 × 87 மடங்கு குறைந்துபோகும். 120 டன் எஞ்சின் அந்தக் கணக்குப்படி 182 கிராம்தான். அந்த எடையில் சக்கரத்துக்குப் பிடிமானம் போதாமல் நின்ற இடத்திலேயே சுழலும். அதனால் எஞ்சினுக்குள் உலோகக் கட்டி வைத்து எடை ஏற்றுகிறார்கள். ஆற்றில் நிஜத் தண்ணீர் விடுவதும் அரிது. தண்ணீரின் பரப்பு இழுவிசை நம் வசதிக்காகக் குறையாது. 3 மில்லிமீட்டர் துளி ஒன்று கரையில் உருண்டு நின்றால், அந்த ஊர் மனிதருக்கு அது கால் மீட்டர் விட்டமுள்ள உருண்டை. ஆகவே ஆறு, குளமெல்லாம் ஊற்றி இறுக வைத்த ரெசின்.

சரி, மாப்பிள்ளையின் துருவுக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

புதுப் பெட்டி பிளாஸ்டிக் பளபளப்போடு வருகிறது. ஆணி முதல் கைப்பிடி வரை அளவு பிசகாமல் இருந்தாலும் அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் ‘பொம்மை’ என்று கண் தீர்ப்பு சொல்லிவிடும். நிஜ ரயில் வெயிலில் வெளுத்தது, மழையில் ஊறியது, புகையில் கறுத்தது. அந்த வயதைப் பூசி வரவழைப்பதற்கு வெதரிங் என்று பெயர்.

ஒரு சரக்கு வேகனை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உடம்பு முழுக்கத் துருப் பழுப்பு அடித்துக் காயவிடுவார்கள். பிறகு துரு தெரிய வேண்டிய இடங்களை மட்டும் ஈரமாக்கி, சமையல் உப்பைத் தூவுவார்கள். உப்பு காய்ந்து ஒட்டிக்கொண்டதும் அதன்மேல் வேகனின் சொந்த நிறத்தைத் தெளிப்பார்கள். அதுவும் காய்ந்தபின் விரலால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, பெயின்ட் உரிந்து உள்ளே துரு தெரிகிற மாதிரி ஒழுங்கில்லாத விளிம்போடு பழுப்பு எட்டிப் பார்க்கும். எவ்வளவு கைதேர்ந்தவர் தூரிகையால் வரைந்தாலும் அந்த ஒழுங்கின்மை அவ்வளவு சுலபத்தில் வராது. அடுத்து, மிக நீர்க்கக் கரைத்த கறுப்புப் பெயின்ட். அது இடுக்குகளிலும் ஆணித்தலைகளைச் சுற்றியும் ஓடித் தங்கும். மிச்சத்தைத் துடைக்க வேண்டும், அதுவும் மேலிருந்து கீழாக மட்டும். குறுக்கே துடைத்தால் போச்சு. மழை குறுக்கே வழிவதில்லை. கடைசியாக, பேஸ்டல் சுண்ணக்கோலை உப்புத்தாளில் தேய்த்து எடுத்த தூளை மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்து, மினுக்கில்லாத வார்னிஷ் தெளித்தால் வேகனுக்கு இருபது வயது கூடிவிடும்.

இங்கே ஒரு சட்டம் உண்டு: காரணமில்லாத அழுக்கு கூடாது. பிரேக் கட்டையிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் சக்கரத்தையும் அடிப்பாகத்தையும் பழுப்பாக்கும், கூரைவரை ஏறாது. நீராவி எஞ்சினின் கூரையில் கரி படியும். கொதிகலன் வால்வுக்குக் கீழே கடினநீர் வழிந்து காய்ந்த வெள்ளைக் கோடு இருக்கும். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஏற்றும் வேகனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் சாம்பல் படிவு கதவோரத்திலிருந்துதான் தொடங்கும். தண்டவாளத்தின் பக்கவாட்டில் துரு; சக்கரம் உருளும் மேல்பரப்பு மட்டும் வெள்ளியாக மின்னும். தெரியாதவர் கை போனபடி பூசிய வேகன் சேற்றில் விழுந்து எழுந்ததாகத்தான் தெரியும். தெரிந்தவர் பூசியதைப் பார்த்தால் அது எதை ஏற்றியது, எத்தனை காலம் ஓடியது என்று படித்துவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், பொய் அழுக்கைப் பூசுகிற இதே மனிதர்கள் மெய் அழுக்கைக் கண்டால் நடுங்குவார்கள். மோட்டாருக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் ஏறுகிறது. நடுவே தூசிப் படலம் வந்தால் எஞ்சின் விக்கி விக்கி நின்றுவிடும். அழகு என்று பார்த்தாலும் நிஜத் தூசி உதவாது, ஏனென்றால் அதுவும் சுருங்கவில்லை. தலைமுடி ஒன்று விழுந்தால் அங்கே அது பென்சில் கனத்துக் கயிறு. ஆகவே மாப்பிள்ளை ராத்திரி துரு பூசுவார். காலையில் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். அதையும் கவனித்திருப்பீர்களே!

இந்த வெதரிங்கைப் பரவச் செய்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஜான் ஆலன். தொழிலால் புகைப்படக்காரர். வெளிச்சம் ஒரு பரப்பில் எப்படி விழும் என்று தெரிந்தவர். கலிபோர்னியாவின் மாண்டரேயில் தன் வீட்டில் தரையிலிருந்து கூரைவரை மலைகள் எழுப்பி, கண்ணாடிகளை மறைத்து வைத்து, இருக்கிற இடத்தைப் பல மடங்காகக் காட்டினார். பொறுமையின் சிகரமான அந்த மனிதருக்குக் குறும்பும் உண்டு: யார்டில் பெட்டிகளை இழுத்து ஷண்டிங் செய்ய ஒரு டைனோசரை விட்டிருந்தார். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். பத்து நாள் கழித்து வீட்டில் தீப்பிடித்து லேஅவுட்டின் பெரும்பகுதி எரிந்துபோனது. இன்று நாம் பார்ப்பது அவர் எடுத்து வைத்த படங்களைத்தான்.

இன்னொருவர் ராய் இங்கிலாந்து. பெயர்தான் அப்படி, ஆள் ஆஸ்திரேலியாக்காரர். 1925-இல் பிரிட்டனுக்கு வந்தவர், கிராமங்களில் கூரை வேய்ந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறிப் போவதைக் கண்டார். அவர் மனுப் போடவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த வீடுகளை அளந்தார், படமெடுத்தார், அட்டையில் செங்கல் செங்கலாகக் கீறி வர்ணம் தீட்டி 76-இல் ஒரு பங்காகக் கட்டினார். 1954-இல் ஆக்ஸ்போர்டுஷயர் பகுதியில் அவர் தொடங்கிய பெண்டன் அருங்காட்சியகத்தில் 1930-களின் கிராமப்புறம் ரயிலோடு அப்படியே இருக்கிறது. ஒரு வீட்டுக்கு மாதக்கணக்கில் உழைக்கும் தன்னார்வலர்கள் இன்றும் அந்த வேலையைத் தொடர்கிறார்கள்.

துரு பூசுவதும் வீட்டை அளப்பதும் ஒரே வேலைதான். நாம் தினம் கடந்துபோகிற ஒன்றை நின்று பார்ப்பது. வெள்ளைக் கோடு எங்கே தொடங்குகிறது, செங்கல் எந்தப் பக்கம் அரித்திருக்கிறது என்று பார்க்காதவரால் அதைச் செய்ய முடியாது. மாடல் எஞ்சினை வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமலே கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து, விலை ஏறுமா என்று காத்திருப்பவர்களும் உண்டு. அவர்களைவிட உங்கள் மாப்பிள்ளை எவ்வளவோ மேல்.

நம் பக்கத்தில் இந்தக் கண் அதிகம் பழகவில்லை. புனேயில் பாவ் ஜோஷி தன் ஆயுள்கால உழைப்பை 1998-இல் ஒரு மினியேச்சர் ரயில் மியூசியமாகத் திறந்தார். பார்க்க வேண்டிய இடம். தமிழ்நாட்டில்? சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 1931-இல் தொடங்கி 2004-இல் நின்றது. ஒரு காலத்தில் மாநிலம் முழுக்க ஓடிய மீட்டர் கேஜில் இன்று மிஞ்சியிருப்பது நீலகிரி மலை ரயில் மட்டும். அகலப்பாதை வந்தது நல்லதுதான். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதோடு ஓட்டுக்கூரை ஸ்டேஷன்கள், கைகாட்டி மரங்கள், கேபின் லீவர்கள், கல் பெஞ்சுகள் எல்லாம் போயின. அவற்றில் எத்தனையை நாம் அளந்து வைத்தோம்? ஆசையாகப் படமெடுத்தவர்கள்கூட எஞ்சினைத்தான் எடுத்தார்கள், அது நின்ற ஸ்டேஷனை அல்ல.

ஆகவே அந்த அம்மாவுக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஜெர்மன் விலையில் எஞ்சின் வாங்க வேண்டியதில்லை. அட்டை, பசை, வாட்டர் கலர், ஒரு டேப் போதும். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளை உங்கள் ஊர்ப் பழைய கட்டடம் ஒன்றுக்கு அழைத்துப் போங்கள். ஸ்டேஷனாக இருந்தால் அங்குள்ளவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். சுவரை, சன்னலை, தூணை அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். காரை எங்கே உதிர்ந்திருக்கிறது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் 87-ஆல் வகுத்து அட்டையில் வெட்டட்டும். கட்டடத்தை இடிக்க ஆள் வருவதற்குள் அளந்துவிடுங்கள்.