ஒரே கோபுரத்திற் பல கம்பனிகள்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்கள், அவற்றின் கடைசிப் பகுதியிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் பற்றி ஒரு வாசகம் வருவதை அறிவர். வளவு வேறு, வேலி வேறு. ஆயினும் கிணறு ஒன்றே. இன்று நம் ஊர்களில் உயர்ந்து நிற்கும் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் பலவும் இவ்வாறு பங்கிடப்பட்டவையே.

இலங்கையிற் கைத்தொலைபேசிச் சேவை 1989ஆம் ஆண்டில் ஒரு கம்பனியுடன் தொடங்கிற்று. 2009இல் ஏயார்டெல் வந்து சேர்ந்தபோது கம்பனிகள் ஐந்தாயின. ஒவ்வோர் ஊரிலும் ஐந்து கோபுரங்களை எழுப்புவதென்றால் இரும்பும் நிலமும் பணமும் வீணாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒருவர் கட்டிய கோபுரத்தில் மற்றவர் வாடகைக்கு இடம்பெறும் வழக்கம் உண்டாயிற்று. கணக்குப்பிள்ளைக்கு இஃது இலகுவான காரியம். பொறியியலாளருக்கோ அவ்வளவு இலகுவானதன்று.

முதலிலே காற்றைக் கவனிப்போம். கோபுரத்தின் இரும்புச் சட்டங்களுக்கு இடையாற் காற்று புகுந்து சென்றுவிடும். உச்சியிற் பொருத்தப்படும் அன்ரனாக்களோ பலகை போன்றவை; அவை பாய்மரம்போலக் காற்றைத் தடுக்கின்றன. மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, எதிர்நிற்கும் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறத்தாழ 40 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசையுடன் தள்ளும். வேகம் இரட்டித்து 180 ஆனால் அவ்விசை இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 160ஐ எட்டும். 40 மீற்றர் உயரத்திலே அவ்வாறு தள்ளினால், அடியிற் கோபுரத்தைச் சாய்க்க முயலும் வலு, 6,400 கிலோகிராம் நிறையை ஒரு மீற்றர் நீளமான நெம்பிலே தொங்கவிட்டதற்குச் சமம். ஒரேயொரு சதுர மீற்றர்ப் பரப்பின் விளைவு இது. இரண்டாவது கம்பனி தன் அன்ரனாக்களைப் பொருத்தும்போது அப்பரப்பு மேலும் வளர்கிறது. அத்துடன் முன்னர் அடியிலுள்ள அறையில் வைக்கப்பட்ட வானொலிக் கருவிகள் பல, இப்பொழுது அன்ரனாவின் அருகே மேலேயே பொருத்தப்படுகின்றன.

மேலே உள்ள இரும்பைப் பலப்படுத்தலாம். குறுக்குச் சட்டம் சேர்க்கலாம். மண்ணுக்குள் இருக்கும் அத்திவாரத்தை என் செய்வது? காற்று வீசும் பக்கத்துக் கால் மரவேர் பிடுங்கப்படுவதுபோல மேல்நோக்கி இழுபடும். எதிர்ப்பக்கத்துக் கால் அமிழும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறையில் ஊன்றிய காலும் மட்டக்களப்புக் கரையின் மணலில் ஊன்றிய காலும் ஒரே அளவு தாங்கா. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியைக் கண்ட கிழக்கிலங்கை மக்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். ஆதலால், பின்னர் எத்தனை கம்பனிகள் வரக்கூடும் என்பதை அத்திவாரம் வெட்டும் அன்றே தீர்மானித்துவிட வேண்டும். முதற் கம்பனி தன் தேவைக்கு மட்டும் அளந்து கட்டிய கோபுரத்தில் மூன்றாவது கம்பனிக்கு இடங்கேட்பது, மாடி கட்ட எண்ணாது எழுப்பிய வீட்டின்மேல் மாடி கட்டுவதைப் போன்றது.

அடுத்த சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. பங்குக் கிணற்றிலே முறைவைத்து இறைக்கலாம். காலையில் ஒருவர், மாலையில் மற்றவர். கோபுரத்தில் முறை ஏது? எல்லாரும் எல்லா நேரமும் ஒருங்கே இறைக்கிறார்கள். கோபுரம் ஒலிபரப்பும் வலு 20 உவாற்று என்று கொள்வோம். தொலைவிலிருந்து நம் கைத்தொலைபேசி அனுப்பும் அலை கோபுரத்தை அடையும்போது, அதனிலும் ஏறத்தாழ இரண்டு கோடி கோடி மடங்கு நலிந்திருக்கக்கூடும். முழங்கும் பறைக்கு அருகே நின்று ஊசி விழும் ஓசையைக் கேட்பது போன்ற வேலை இது. அதனாலேயே ஒலிபரப்பும் மீடிறனும் கேட்கும் மீடிறனும் வேறாக வைக்கப்பட்டுள்ளன. 900 வரிசையிலே கோபுரம் 935 முதல் 960 மெகாஹேர்ட்ஸ் வரை பேசும். 890 முதல் 915 வரை கேட்கும்.

இங்கேதான் துரு தன் வேலையைக் காட்டுகிறது. துருப்பிடித்த போல்ட், தளர்ந்த இணைப்பு ஆகியவற்றின்மீது இரண்டு அலைகள் பட்டால், அவை கலந்து மூன்றாவது அலை ஒன்று பிறக்கும். முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் அதன் மீடிறன் வரும். ஒரு கம்பனி 936இலும் 946இலும் பேசுகிறது என்போம். இரட்டித்துக் கழித்தால் 926. அது கேட்கும் எல்லைக்கு வெளியே விழுவதால் அதனாற் கேடில்லை. அதே கோபுரத்தில் இன்னொரு கம்பனி 958இற் பேசத் தொடங்குகிறது. இப்பொழுது 936ஐ இரட்டித்து 958ஐக் கழித்துப் பாருங்கள்: 914. நேரே செவிக்குள் விழுகிறது! தனித்திருந்தபோது எந்தக் குறையும் செய்யாத அதே துரு, அயலவர் வந்ததும் இருவர் பேச்சையும் கெடுக்கிறது. கடற்காற்றின் உப்புப் படியும் கரையோரங்களில் இதனைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அன்ரனாக்களைப் பக்கம் பக்கமாக வையாது மேலும் கீழுமாக விலக்கி வைத்தால் ஒன்றின் ஒலி மற்றதைத் தாக்குவது பெரிதும் குறையும்; ஆனாற் கீழே இடம்பெற்றவரின் சேவை எல்லை சுருங்கும். உச்சி இடத்துக்கு ஏற்படும் போட்டிக்குக் காரணம் இதுவே.

நேயர்களே, மின்சாரத்தையும் மறந்துவிடலாகாது. கோபுரத்துக் கருவிகள் 48 வோல்ற் நேரோட்ட மின்னில் இயங்குவன. மின்வெட்டு வேளையில் மின்கலங்கள் அவற்றைத் தாங்கும். ஒருவருக்கென வைத்த மின்கலத்தை இருவர் சமமாகப் பாவித்தால், அது பாதி நேரந்தானும் நின்றுபிடிப்பது ஐயம். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின் நின்றதே, அத்தகைய நாள்களில் இக்கணக்கு ஏட்டுக் கணக்காக இராது. ஒன்று போனால் மற்றது உதவும் என்றெண்ணி இரு கம்பனிகளின் சிம் அட்டைகளை வைத்திருப்போர் நம்மிற் பலர். இரண்டும் ஒரே கோபுரத்தில், ஒரே மின்கலத்தில் தங்கியிருப்பின் இரண்டும் ஒரே நிமிடத்தில் மௌனமாகும். நோயாளியை வைத்துக்கொண்டு நள்ளிரவில் வண்டிக்கு அழைப்பு எடுப்பவர் அதனை அப்பொழுதுதான் அறிவார். ஆகையாற் பங்குக் கோபுரத்திற்கு மின்கலமும் மின்பிறப்பாக்கியும் தனிக் கோபுரத்துக்குரிய அளவினும் கூடுதலாக இருத்தல் வேண்டும். சேமித்த இரும்பின் விலையில் ஒரு பகுதியை இதற்குச் செலவிடத் தயங்குவது என் எண்ணத்திற் சிக்கனமன்று.

ஐந்தாயிருந்த கம்பனிகள், 2018இலும் 2024இலும் நிகழ்ந்த இணைப்புகளின் பின் மூன்றாயின. எனவே ஏறிய அன்ரனாக்கள் சில இறங்கவும் வேண்டியுள்ளன. இறக்கும்போது அன்ரனாவை மட்டும் கழற்றிவிட்டு, அதனைத் தாங்கிய பிடிகளையும் போல்ட்டுகளையும் மேலேயே விட்டுவருதல் தவறு. ஆளில்லாத அந்த இரும்புகள் துருப்பிடித்து, எஞ்சியிருப்பவரின் செவியிலே 914ஐ ஒலித்துக்கொண்டே இருக்கும்.