மழை நின்ற மறுநாள்: பள்ளிக் கதவைத் திறக்கும் முன்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், திங்கட்கிழமை. பெங்களூரு நகர மாவட்டத்தில் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் விடுமுறை. முந்தைய வாரம் 16ஆம் நாள் புதன்கிழமையும் இதே காரணத்துக்காகப் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. இரண்டு முறையும் காரணம் கனமழை.

அன்று காலை தொம்மலூரில் உள்ள நமது கிளைக்கு வாடிக்கையாளர் ஒருவர் இரு பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி வந்தார். நான்கு வீடுகளில் வேலை செய்து, மாதந்தோறும் தொடர் வைப்புக் கணக்கில் பணம் கட்டி வருபவர். பிள்ளைகளின் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. “ஸ்கூல் லீவு விட்டுட்டாங்க சார். வீட்டுலயும் விட்டுட்டு வர முடியல, வாசல் வரைக்கும் சாக்கடைத் தண்ணி. ஸ்கூலு மேடான இடம், மாடிக் கட்டடம். அங்க இருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்” என்றார்.

காசாளர் இருக்கையில் இருந்த நமது சக ஊழியர் இதற்கு உடன்படவில்லை. முந்தைய வாரம் ஒரு மாலையில் அவருடைய மகள் வந்த பள்ளி வேன், வெள்ளத்தில் நகர முடியாமல் இரண்டு மணி நேரம் சாலையிலேயே நின்றுவிட்டது. வேன் ஓட்டுநரின் கைப்பேசியும் அணைந்துபோயிருந்தது. “அந்த ரெண்டு மணி நேரம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்மா. லீவு விட்டதே நல்லது” என்றார்.

இருவரும் தாய்மார்கள். இருவர் சொன்னதிலும் பிழையில்லை. புயலுக்கும் பெருமழைக்கும் பின்னர் பள்ளியைத் திறப்பதா, மூடுவதா என்பது எளிய கேள்விபோலத் தோன்றினாலும், அதற்கு ஒரே விடை எல்லாருக்கும் பொருந்துவதில்லை என்பதை அன்று அந்தப் பணப் பெட்டியின் இரு பக்கமும் நாம் கண்டோம்.

நீர் தன் வழியை மறப்பதில்லை

தொம்மலூர் பழமையான ஊர். இங்குள்ள சொக்கப்பெருமாள் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஏரி ஒன்றின் வருவாயைக் கோயிலுக்குக் கொடையாக அளித்த செய்தியும் அவற்றுள் ஒன்று. ஏரியே செல்வமாக இருந்த காலம் அது. இன்று தொம்மலூர் ஏரி இருந்த இடத்தில் குடியிருப்பு மனைகள் உள்ளன. அருகிலிருந்த சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமாயிற்று. கோரமங்கலா ஏரி விளையாட்டு வளாகமாயிற்று. இந்தப் பள்ளத்தாக்கின் நீரெல்லாம் இறுதியில் பெள்ளந்தூர் ஏரியை நோக்கியே சரிகிறது. ஏரிகள் மறைந்தாலும் சரிவு மறையவில்லை.

ஆகவே ஒரே பகுதியில் ஒரு தெரு உலர்ந்திருக்க, அடுத்த தெருவில் இடுப்பளவு நீர் நிற்பதுண்டு. 2022 செப்டம்பர் 4ஆம் நாள் இரவு பெய்த மழையில், 24 மணி நேரத்தில் நகரில் 131.6 மி.மீ. பதிவானது. வெளிவட்டச் சாலைப் பகுதியில் படகுகளும் டிராக்டர்களும் மக்களை ஏற்றிச் சென்றன. அதே நாளில் நகரின் வேறு பல பகுதிகளில் வாழ்க்கை ஏறத்தாழ வழக்கம்போல நடந்தது. ‘மாவட்டம் முழுவதற்கும் விடுமுறை’ என்னும் ஒற்றை ஆணை இந்த வேறுபாட்டைக் காண இயலாது.

ஆணை எப்படிப் பிறக்கிறது?

விடுமுறை அறிவிப்பது கர்நாடகத்தில் மாவட்டத் துணை ஆணையரின் பொறுப்பு. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு அவரே தலைவர். அவர் முன் வைக்கப்படும் முதன்மையான ஆவணம் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கையைப் பொதுமக்களும் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் அது கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிறங்கள் ஆயத்தத்தின் அளவைச் சுட்டுகின்றன. மழை நாள் என்பது காலை 8.30 மணியில் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணியில் முடிகிறது. எச்சரிக்கை சொன்ன மழை பிற்பகலில் பெய்யலாம், நள்ளிரவிலும் பெய்யலாம். விடுமுறை விட்ட நாளில் வெயில் காய்வதும், விடாத நாளில் மாலை நான்கு மணிக்குக் கொட்டுவதும் இதனால்தான். வெயில் அடித்துவிட்டதாலேயே முடிவு தவறு என்று ஆகிவிடாது. கையில் இருந்த தகவலுக்கு அது பொருத்தமாக இருந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கடன் விண்ணப்பத்தை ஆராயும் வங்கி அலுவலரும் இவ்வாறே மதிப்பிடப்படுகிறார்.

புயலுக்கு முன் ஒரு முடிவு, பின் வேறு முடிவு

இரண்டு முடிவுகளை நாம் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். புயலுக்கு முன் எடுப்பது முன்னறிவிப்பை நம்பி எடுக்கும் முடிவு. அது பரந்ததாகவும் விரைவானதாகவும் இருக்க வேண்டும். 2024 அக்டோபரில் டானா புயல் கரை கடப்பதற்கு முன்பே ஒடிசா அரசு 14 மாவட்டங்களில் பள்ளிகளை மூடியது. பெற்றோர் திட்டமிட அவகாசம் கிடைத்தது.

புயலுக்குப் பின் எடுக்கும் முடிவோ நேரில் சென்று பார்த்து எடுக்க வேண்டியது. தமிழ்நாட்டின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்துக்குப் பின் சென்னைப் பள்ளிகள் அந்த மாத நடுவில்தான் திறந்தன. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழை ஓய்ந்த பிறகும் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் வெள்ளம் பாதித்த பள்ளிகள் 11ஆம் நாள்தான் திறக்கப்பட்டன. இடைப்பட்ட நாட்களில் வளாகங்களைத் தூய்மை செய்ய அரசு தனியே நிதி ஒதுக்கியது.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழையைக் கொட்டியது. அதன் பின் உள்நாட்டுக்கு நகர்ந்து, கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழையைத் தந்தது. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மீண்டும் தேர்வுக் கால அட்டவணை மாறியது. கடலோரத்தார் கவலை என்று பெங்களூருவில் இருப்போர் ஒதுங்கி நிற்க இயலாது. கிருஷ்ணகிரி நமக்கு அண்டை மாவட்டம்.

தலைமையாசிரியர் நடக்க வேண்டிய நடை

பெருமழைக்கு மறுநாள் வங்கிக் கிளையைத் திறக்கும் முன் நாம் ஒரு சுற்று நடப்பது வழக்கம். மின் பெட்டியில் ஈரம் உள்ளதா, மின்கல அறையில் நீர் புகுந்ததா, பெட்டக அறையின் தரை உலர்ந்துள்ளதா, வாடிக்கையாளர் ஏறிவரும் படிக்கட்டு வழுக்குகிறதா என்று பார்த்த பிறகே கதவு திறக்கும். ஆவணங்களுக்கும் பணத்துக்கும் இவ்வளவு கவனம் என்றால், பிள்ளைகள் அமரும் கூரைக்கு எவ்வளவு வேண்டும்!

பள்ளியில் பார்க்க வேண்டியவை பலருக்கும் தெரிந்தவையே. நீரில் ஊறிய மதிற்சுவர் மழை பெய்யும்போதுதான் விழும் என்பதில்லை. ஓரிரு நாள் கழித்து, நல்ல வெயிலிலும் சரியலாம். சுவிட்சுப் பலகை, அறுந்து தொங்கும் கம்பி, முறிந்து தொங்கும் கிளை, கழிவுநீர் கலந்த குடிநீர்த் தொட்டி, மூடி நகர்ந்த சாக்கடைக் குழி, புதருக்குள்ளிருந்து வகுப்பறைக்கு வந்துவிட்ட பாம்பு ஆகிய எதுவும் முன்னறிவிப்பில் இராது. யாராவது நடந்து சென்று பார்த்தால்தான் தெரியும்.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அன்று புயல் எதுவும் இல்லை; அதுவும் ஒரு சாதாரணப் பள்ளி நாள்தான். அதன் பிறகு தமிழ்நாடு முழுவதும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டு, பழுதடைந்தவை இடிக்கப்பட்டன. பெங்களூருவில் 2024 அக்டோபரில் கல்லூரிகளுக்கு விடுமுறை அளிக்கப்படாதபோதும், பழுதுற்ற கட்டடங்களில் வகுப்பு நடத்தலாகாது என்று அறிவுறுத்தப்பட்டது. அந்த அறிவுரை மழைக்காலத்துக்கு மட்டும் உரியதன்று.

மூடுவதற்கும் விலை உண்டு

மூடிவிட்டால் இடரில்லை என்னும் எண்ணம் அலுவலருக்கு ஆறுதல் தரலாம். ஆனால் அதற்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களையும், 6 முதல் 8 வரை 220 நாட்களையும் கோருகிறது. இழந்த நாட்கள் சனிக்கிழமைகளை விழுங்குகின்றன. பள்ளியோடு மதிய உணவும் நின்றுபோகிறது. அங்கன்வாடி மூடினால் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நாட்கூலியில் வாழும் தாய் ஒரு நாள் வருமானத்தை இழக்கிறாள், அல்லது பிள்ளையைத் தனியே விட்டுச் செல்கிறாள்.

2022 வெள்ளத்தின்போது நகரின் சில தனியார் பள்ளிகள் இணையவழி வகுப்புக்கு மாறின. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு திரை உள்ள வீட்டில் அது நல்ல மாற்று. ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குப் போய்விடும் வீட்டில், மின்சாரமே இல்லாத தெருவில், அதனால் பயனில்லை.

இதற்கு நேர் எதிரான நெருக்கடியும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தபோது, வீடிழந்தோர் பலருக்குப் பள்ளிக்கூடமே தங்குமிடமாயிற்று. பள்ளியைத் திறக்க வேண்டுமானால் அவர்களை எங்கே அனுப்புவது? கதவு திறந்துதான் இருந்தது. பாடம் நடத்த மட்டுமே வழியில்லை.

எது நல்ல முடிவு?

அனைவருக்கும் உவப்பான முடிவு கிடையாது. எனினும் நல்ல முடிவுக்குச் சில அடையாளங்கள் உள்ளன என்று நாம் கருதுகிறோம்.

முதலாவது, நேரம். இரவு எட்டு மணிக்கு வரும் அறிவிப்பு குடும்பத்துக்கு உதவும். காலை ஏழரைக்கு வந்தால் வேன் கிளம்பிவிட்டிருக்கும்.

இரண்டாவது, அளவு. பெருமழை நாளில் மாவட்டம் முழுவதும் மூடலாம். மறுநாள் முதல் வட்டம் அல்லது வார்டு அளவில் முடிவெடுப்பதே முறை. மாநில இயற்கைப் பேரிடர்க் கண்காணிப்பு மையத்தின் மழைமானிகள் நகரெங்கும் உள்ளன. தகவலுக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது, பொறுப்பு. ‘பார்த்தேன், பாதுகாப்பாக உள்ளது’ என்று தலைமையாசிரியர் கையொப்பமிட்ட ஒரு தாள் இருக்கட்டும். மூடுவதாயினும் காரணத்தை எழுதட்டும்.

நான்காவது, வீடு. பள்ளி பாதுகாப்பானதா என்று கேட்கும்போதே, பள்ளியைவிட வீடு பாதுகாப்பானதா என்றும் கேட்க வேண்டும். மேடான பள்ளியில் இரண்டு அறைகளைத் திறந்து, ஓரிரு ஆசிரியரையும் சமையலரையும் வைத்து, வர இயன்ற பிள்ளைகளை மட்டும் கவனித்துக்கொள்வதும் ஒரு வழி. வராதவருக்கு வருகைக் குறைவு இல்லை என்று சொல்லிவிட்டால் போதும்.

வாடிக்கையாளர்கள் செய்யத் தக்கவை

மழைக்காலத்துக்கு முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றை நீர்புகா உறையில் இட்டு மேல்தட்டில் வையுங்கள்; டிஜிலாக்கரில் கிடைப்பவற்றை அங்கும் சேமியுங்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் நகல் சான்றிதழ் வழங்கச் சென்னையில் சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. வேன் ஓட்டுநர், வகுப்பாசிரியர், பள்ளிக்கு அருகில் வாழும் உறவினர் ஆகியோரின் எண்களைத் தாளிலும் எழுதிப் பிள்ளையின் பையில் வையுங்கள். ஒரு வாரக் குடும்பச் செலவுக்கு ஈடான தொகையைச் சேமிப்புக் கணக்கில் தொடாமல் வைத்திருங்கள். விடுமுறை அறிவிக்கப்பட்ட காலையில் வேலையைவிட பிள்ளை முக்கியம் என்று முடிவெடுக்கும் துணிவை அந்தச் சிறு தொகை தரும்.

அன்று நமது கிளைக்கு வந்த அந்தத் தாய் பணத்தைக் கட்டிவிட்டு உடனே கிளம்பவில்லை. பிள்ளைகள் காத்திருப்போர் இருக்கையில் அமர்ந்து, பணம் கட்டும் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்துகொண்டிருந்தனர். காசாளர் தம் மதிய உணவிலிருந்து இரண்டு சப்பாத்திகளை அவர்களுக்குக் கொடுத்தார். பதினொன்றரை மணிக்கு மழை விட்டது. தாய் கைப்பேசியில் யாரிடமோ தெருவில் நீர் வடிந்ததா என்று கேட்டறிந்து, பிறகே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு படியிறங்கினார். கேட்டுத் தெரிந்துகொண்டு அதன் பிறகு நகர்ந்த அவருடைய நிதானம், ஆணையில் கையொப்பமிடும் ஒவ்வொருவருக்கும் வேண்டும்.