ஆங்கிலம் கற்போரின் எழுத்தும் இயந்திர மதிப்பீடும்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போர் எழுதும் கட்டுரை, கடிதம் முதலியவற்றைக் கணினி நிரல் படித்து மதிப்பெண்ணும் திருத்தமும் தருவது தானியங்கு எழுத்து மதிப்பீடு எனப்படுகிறது. இது நேற்று வந்ததன்று. அமெரிக்கரான எல்லிஸ் பேஜ் 1966-இலேயே இதை முன்மொழிந்தார். அவருடைய நிரல் பொருளைப் படிக்கவில்லை. கட்டுரையின் நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை போன்ற புற அடையாளங்களைக் கொண்டு, ஆசிரியர் எத்தனை மதிப்பெண் இடுவார் என ஊகித்தது. 1999-இல் ஜிமேட் தேர்வில் இ-ரேட்டர் என்னும் நிரல் மனிதத் திருத்துநருடன் சேர்ந்து மதிப்பெண் இடத் தொடங்கியது. இத்தகைய நிரல்களை ஏமாற்றுவதும் எளிதாகவே இருந்தது. எம்.ஐ.டி.யில் பணியாற்றிய லெஸ் பெரல்மன், பொருளற்ற ஆனால் பகட்டான கட்டுரைகளை உருவாக்கும் நிரல் ஒன்றை 2014-இல் மாணவர்களோடு சேர்ந்து எழுதினார். அக்கட்டுரைகள் நல்ல மதிப்பெண் பெற்றன.

இம்முறை யாருக்கு உதவும், யாரை வருத்தும் என்பதைச் சேர்வராயன் மலையை வைத்து எண்ணிப் பார்க்கலாம். ஏற்காட்டில், 1917-இல் தொடங்கிய மான்ட்போர்ட் போன்ற ஆங்கிலவழி உறைவிடப் பள்ளிகள் உள்ளன. அதே மலையில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் தமிழ்வழி அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். (பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ்.) தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளை 'இரண்டு வருடத்துக்கு முன்' என்பதை 'பிஃபோர் டூ இயர்ஸ்' என்று எழுதும். 'டூ இயர்ஸ் அகோ' என்பதே சரி. 'தி' என்னும் சுட்டுச்சொல்லுக்கு நேரான சொல் தமிழில் இல்லாததால் அதைப் பலமுறை விட்டுவிடும். இயந்திரம் ஒவ்வொரு விடுதலையும் தனிப்பிழையாக எண்ணும். தமிழறிந்த ஆசிரியருக்கோ அது ஒரே பிழை, ஒரே பாடத்தில் தீர்வது.

இதைவிடக் கடுமையான இடர், எழுதியது மனிதரா இயந்திரமா என்று தீர்மானிக்கும் கருவிகளில் இருக்கிறது. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தனர். சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை எனத் தவறாக முத்திரையிடப்பட்டன. குறைந்த சொல்வளமும் எளிதில் ஊகிக்கத்தக்க தொடர்களுமே காரணம். வேடிக்கை என்னவென்றால், சாட்ஜிபிடியைக் கொண்டு சொற்களை மெருகேற்றியபின் அந்த ஐயம் பெரிதும் குறைந்துவிட்டது! உண்மையாக எழுதிய பிள்ளை குற்றவாளியாகவும், இயந்திரத்திடம் கொடுத்து மாற்றிய பிள்ளை நல்ல பிள்ளையாகவும் ஆகிவிடக்கூடும்.

ஆகவே மதிப்பெண் இடும் பொறுப்பை இயந்திரத்திடம் விடுவது பொருந்தாது. ஆனால் ஐம்பது நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியருக்கு, எந்தப் பிழை எத்தனை பேரிடம் வருகிறது என்று பிரித்துத் தர அது உதவும். இன்றைய மொழி மாதிரிகள் அப்பிழைகளைத் தமிழிலேயே விளக்கவும் செய்யும். மாணவரின் தாய்மொழி தமிழ் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், விளக்கம் சரிதானா என்று ஆசிரியர் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.