யந்திரக் கணக்கும் மனித உயிரும்

நாடியைப் பார்த்தும், நாக்கைப் பார்த்தும், நோயாளியோடு பேசியும் வைத்தியர் ஒரு முடிவுக்கு வருவதே தொன்றுதொட்ட வழக்கம். இன்று அம்முடிவில் மூன்றாவது ஆள் ஒருவரும் பங்கு கொள்கிறார். வயது என்ன, ரத்தத்தில் இன்ன வஸ்து எவ்வளவு, முன்பு என்ன வியாதி இருந்தது என்ற விவரங்களைக் கம்ப்யூட்டரில் இட்டால், நொடிப்பொழுதில் ஓர் எண் வந்து நிற்கிறது. யாருக்கு மருந்து, யாருக்கு அறுவை, யார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட வேண்டும், யார் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பன அந்த எண்ணைக் கொண்டு தீர்மானிக்கப்படும் காலம் இது. ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. இந்தக் கணக்கைப் போட்டவர் யார்? எந்த ஜனங்களுடைய உடலை அளந்து போட்டார்? கணக்குத் தவறினால் யாரிடம் போய் முறையிடுவது?

யந்திரம் என்றாலே வெறுத்து ஒதுக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல நாம். அதனால் விளைந்த நன்மையை முதலில் ஒப்புக்கொள்வதே நியாயம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து டாக்டர் டி டொம்பலும் அவருடைய சகாக்களும், திடீர் வயிற்று வலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்த 304 நோயாளிகளின் அறிகுறிகளைக் கம்ப்யூட்டரில் இட்டுப் பார்த்து, 1972-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். நோய் இன்னதென்று கம்ப்யூட்டர் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 91.8 வீதம். அந்நோயாளிகளைப் பார்த்த வைத்தியர்களில் மூத்தவர் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 79.6 வீதம்தான். பிறகு எட்டு ஆஸ்பத்திரிகளில் 16,000-க்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு இதே முறை சோதிக்கப்பட்டு, 1986-ல் அதன் பலன் வெளியாயிற்று. குடல்வால் வெடித்த பிறகே நோய் தெரியவந்தவர்களின் வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தேவையின்றி வயிறு கிழிக்கப்பட்டவர்களின் தொகையும் அவ்வாறே குறைந்தது.

இங்கே இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. இந்தப் பலனுக்கு யந்திரத்தின் புத்தி மாத்திரம் காரணமன்று. கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காக வைத்தியர்கள் ஒவ்வோர் அறிகுறியையும் ஒழுங்காகக் கேட்டு எழுதினார்கள். தங்கள் முடிவு சரியா, தவறா என்பதைத் திரும்பத் திரும்ப அறிந்தார்கள். அதனால் வைத்தியர்களே தேறினார்கள். இரண்டாவது, லீட்ஸ் நகரத்து நோயாளிகளைக் கொண்டு தயாரித்த கணக்கு, வேறு ஊர்களுக்கும் வேறு தேசங்களுக்கும் போனபோது அதே நுட்பத்தோடு வேலை செய்யவில்லை. ஓர் ஊரின் நோயும், உணவும், பழக்கமும் அந்தக் கணக்கினுள் இருக்கின்றன. ஊர் மாறினால் கணக்கும் தடுமாறும். இதை மறந்தவர்களால் விளைந்த தீமைக்கு ஐக்கிய அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயம் சாட்சி சொல்லும்.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று நேராக அளப்பது கஷ்டம். ஆகையால் ரத்தத்திலுள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளை அளந்து, வயதையும் ஆண் பெண் பேதத்தையும் சேர்த்து, ஒரு சூத்திரத்தால் சிறுநீரகத்தின் சக்தியைக் கணக்கிடுகிறார்கள். 1999-ல் வெளியான சூத்திரத்திலும், 2009-ல் வெளியான திருத்திய சூத்திரத்திலும் இன்னொரு கேள்வியும் இருந்தது: நோயாளி கறுப்பு இனத்தவரா, இல்லையா? கறுப்பு இனத்தவர் என்றால், வந்த எண்ணை 2009-ம் வருஷத்துச் சூத்திரம் 1.159-ஆல் பெருக்கச் சொன்னது. ஆராய்ச்சிக்கு உட்பட்ட கறுப்பர்களிடம், அதே அளவு கிரியாட்டினினுக்குச் சிறுநீரக சக்தி சராசரியில் சற்று அதிகமாகக் காணப்பட்டதாம். அவர்களுக்குத் தசை அதிகம் என்று அதற்குக் காரணமும் கற்பிக்கப்பட்டது. தாய் ஓர் இனமும் தந்தை ஓர் இனமுமாக இருந்தால் என்ன செய்வது என்பதற்குச் சூத்திரத்தில் பதில் இல்லை.

இது ஏதோ பண்டிதர்களின் சர்ச்சை என்று நேயர்கள் எண்ணலாகாது. அந்நாட்டில், டயாலிஸிஸ் செய்துகொள்ளும் நிலைக்கு வருமுன்பே மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் காலம் ஒருவருக்குக் கணக்கில் ஏற வேண்டுமானால், இந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஒரே வயதுள்ள இரண்டு ஆண்களை எடுத்துக்கொள்வோம். இருவர் ரத்தத்திலும் கிரியாட்டினின் ஒரே அளவு. வெள்ளையருக்குக் கணக்கு 18 என்று வருகிறது. அவர் வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டார். கறுப்பருக்கு அதே 18, 1.159-ஆல் பெருக்கப்பட்டு, ஏறக்குறைய 20.9 ஆகிறது. அவருக்கு வரிசையில் இடமில்லை. நோய் ஒன்று, ரத்தம் ஒன்று, ஆனால் நீதி இரண்டு! வாசலில் நின்று அவரைத் தடுத்தவன் எவனும் இல்லை. தம்மைத் தடுத்தது ஒரு பெருக்கல் என்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

இந்த அநீதி எப்படி நீங்கிற்று என்பதைத் தேசத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் இளைஞர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். முதலில் விடாப்பிடியாகக் கேள்வி கேட்டவர்களில் வைத்தியக் கல்லூரி மாணவர்கள் முக்கியமானவர்கள். இனம் என்பது சமூகம் இட்ட பெயராயிற்றே, அதை எப்படி ரத்தப் பரிசோதனையில் சேர்த்தீர்கள் என்று தங்கள் ஆசிரியர்களையே அவர்கள் கேட்டார்கள். பாஸ்டன் நகரத்துப் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் ஆஸ்பத்திரி 2017-லேயே அந்தப் பெருக்கலைக் கைவிட்டது. மற்ற ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 2021-ல் அந்நாட்டுச் சிறுநீரக வைத்திய ஸ்தாபனங்கள் இனத்தைக் கேளாத புதிய சூத்திரத்தை ஏற்றன. 2022-ல் உறுப்பு மாற்று நிர்வாகம் பழைய கணக்கை உபயோகிக்கலாகாது என்று விதித்தது. 2023 ஜனவரி முதல், பழைய கணக்கால் காலம் இழந்த கறுப்பு நோயாளிகளைத் தேடி, இழந்த காலத்தை அவர்கள் கணக்கில் சேர்க்கும்படி ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் உத்தரவாயிற்று. அடுத்த வருஷத்துக்குள் 14,000-க்கு மேற்பட்டவர்களுக்கு அவ்வாறு காலம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதற்குள் இறந்துபோனவர்களுக்கு எதைத் திரும்பக் கொடுப்பது?

அந்தச் சூத்திரத்தை எழுதியவர்கள் துஷ்டர்கள் என்று நாம் கூறவில்லை. கற்றவர்கள், நல்லெண்ணம் உடையவர்கள். இதுதான் விஷயத்தின் சாரம். துஷ்டனுடைய அநீதியை எவரும் கண்டுகொள்வர். கணக்கின் அநீதி நடுநிலைமையின் வேஷத்தில் வருவதால் கண்ணுக்குத் தப்புகிறது. அதே தேசத்தில் இன்னொரு விஷயமும் 2019-ல் ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் வெளியாயிற்று. யாருக்கு விசேஷ வைத்திய உதவி தேவை என்று பொறுக்கி எடுக்க ஒரு கம்ப்யூட்டர் முறை பயன்பட்டு வந்தது. அது இனத்தைக் கேட்கவேயில்லை. நோயின் கடுமைக்கு அடையாளமாக, ஒருவருடைய வைத்தியத்துக்கு எவ்வளவு பணம் செலவாகும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. ஏழ்மையினாலும் புறக்கணிப்பினாலும் கறுப்பர்களுக்காகச் செலவாகும் பணம் குறைவு. ஆகவே அவர்களுக்கு நோயும் குறைவு என்று யந்திரம் முடிவு கட்டிவிட்டது! இந்தப் பிழையைத் திருத்தினால், உதவிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரில் கறுப்பர்களின் பங்கு நூற்றுக்கு 17.7-லிருந்து 46.5 ஆக உயரும் என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். நேற்றுச் செய்த அநியாயத்தையே இன்றைய உண்மை என்று யந்திரம் கற்றுக்கொண்டது.

அமெரிக்காவின் நிறவேற்றுமைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. அந்தச் சிறுநீரகச் சூத்திரங்களைக் கொண்டே நம் தேசத்துப் பரிசோதனைச் சாலைகளும் எண்ணைக் கணக்கிட்டு வந்தன. மேல்நாட்டவரைக் காட்டிலும் நம்மவர் மெலிந்த தேகமும், குறைந்த மாமிச உணவும் உடையவர்கள். தசையும் மாமிசமும் குறைந்தால் கிரியாட்டினினும் குறையும்; சிறுநீரகம் கெட்டிருந்தாலும் கணக்கு நன்றாக இருப்பதாகக் காட்டும். தென்னாசிய மக்களிடம் நேராக அளந்து பார்த்த ஆராய்ச்சிகளில், இந்தச் சூத்திரங்கள் சிறுநீரகத்தின் சக்தியை உள்ளதைவிட மிகையாகக் காட்டுவது தெரியவந்திருக்கிறது. இரவல் வாங்கிய அளவுகோலால் நம் உடலை அளந்துகொண்டு, நோய் இல்லை என்று நிம்மதியாக இருப்பது எத்தகைய பேதைமை!

இனி, ஜனங்களுக்கு வைத்திய விஷயங்களை அறிவிக்கும் கருவிகளைப் பார்ப்போம். கொரோனாத் தொற்றின்போது, 2021 ஜனவரியில் இந்திய சர்க்கார் தடுப்பூசி போடத் தொடங்கி, அதற்குக் ‘கோவின்’ என்ற பதிவு முறையை ஏற்படுத்தியது. மே மாதத்தில் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு ஊசி திறந்துவிடப்பட்டபோது, கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ முன்பதிவு செய்தால்தான் இடம் என்றார்கள். செல்போன் இல்லாதவன் என்ன செய்வான்? இங்கிலீஷ் தெரியாதவள் என்ன செய்வாள்? உயர்நீதி ஸ்தலங்களில் தலைமையான சுப்ரீம் கோர்ட்டே இக்கேள்வியைச் சர்க்காரைப் பார்த்துக் கேட்டது. நேரில் வந்து பதிந்துகொள்ளலாம் என்ற வழி படிப்படியாகத் திறக்கப்பட்டு, ஜூன் 21-ந் தேதி முதல் எல்லா இடங்களுக்கும் பொதுவாயிற்று. ஜூன் மாதத் தொடக்கத்தில் ஹிந்தியும் வேறு சில பாஷைகளும் சேர்க்கப்பட்டபோது தமிழ் விடுபட்டிருந்தது. ஆட்சேபம் எழுந்த பிறகே அதுவும் சேர்ந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்பதை நேயர்கள் மறக்க வேண்டாம்.

நோயாளியின் அறிவை உயர்த்துவதற்கென்றே ஏற்பட்ட நல்ல கருவிகளும் உலகில் உண்டு. மார்பில் புற்றுநோய் கண்ட ஸ்திரீக்கு மார்பு முழுவதையும் எடுப்பதா, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் வைத்தியம் செய்வதா என்ற கேள்வி எழுகிறது. பல சந்தர்ப்பங்களில் இரண்டும் உயிரைக் காப்பதில் ஏறக்குறைய சமம். அப்போது எது தனக்கு வேண்டும் என்று சொல்ல உரிமையுள்ளவள் அவளே. நூறு பேரில் எத்தனை பேருக்கு என்ன நேரும் என்று படம் போட்டு, இரு வழிகளின் நன்மை தீமைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. இவற்றைப் பற்றிய 105 சோதனைகளை, 31,000 பேருக்கு மேற்பட்டவர்கள் சம்பந்தப்பட்டவற்றை, 2017-ல் காக்ரேன் ஸ்தாபனத்தார் சேர்த்து ஆராய்ந்தனர். இவற்றை உபயோகித்தவர்கள் தங்கள் நிலைமையை நன்கு அறிந்திருந்தனர். அபாயத்தைச் சரியாக மதித்தனர். முடிவு செய்வதில் தாங்களும் பங்கு கொண்டனர். முடிவை நமக்குத் தெரியாமல் செய்துவிடும் யந்திரம் ஒன்று. முடிவு செய்யும் சக்தியை நமக்கே கொடுக்கும் யந்திரம் மற்றொன்று. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் ஜனங்கள் ஏமாறுகிறார்கள்.

நம் தேசத்தில் 2020 மார்ச்சில் வெளியான தொலைவழி வைத்திய விதிகள் ஒரு நல்ல கோட்டைக் கிழித்திருக்கின்றன. செயற்கை அறிவு யந்திரங்கள் வைத்தியருக்குத் துணை செய்யலாம். ஆனால் நோயாளிக்கு யோசனை கூறவோ மருந்து எழுதவோ அவற்றுக்கு அதிகாரமில்லை. பதிவு பெற்ற வைத்தியரே அதைச் செய்ய வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. விதி நன்று. ஆனால் கூட்டம் நிறைந்த ஆஸ்பத்திரியில், ஒரு நோயாளிக்குச் சில நிமிஷங்களே ஒதுக்க முடிந்த வைத்தியர், யந்திரம் சொன்னதன் கீழ் கையெழுத்து மட்டும் இடுவாரானால் விதி ஏட்டிலேதான் இருக்கும்.

ஆகையால் பொதுஜன ஊழியர்கள் மூன்று விஷயங்களை வற்புறுத்த வேண்டுமென்பது நம் அபிப்பிராயம். முதலாவது, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் உபயோகிக்கும் எந்தக் கணக்கும் ரகசியமாக இருத்தல் கூடாது. அது எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்பது வெளியிடப்பட வேண்டும். இரண்டாவது, அது நம் ஜனங்களிடம் சோதிக்கப்பட்ட பிறகே நம் ஜனங்கள்மீது பிரயோகிக்கப்பட வேண்டும். கூலிக்காரனும், கிராமத்து ஸ்திரீயும், மலைவாசியும் அச்சோதனையில் சேர வேண்டும். மூன்றாவது, ஜனங்களோடு பேசும் கருவி ஜனங்களின் பாஷையில் பேச வேண்டும். கருவி இல்லாதவனுக்கும் வாசல் திறந்திருக்க வேண்டும். யந்திரத்தின் முடிவை மறுத்துக் கேட்பவனுக்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

இவை எட்டாத கோரிக்கைகள் அல்ல. நிபுணர்கள் இருபது வருஷத்துக்கு மேல் சரியென்று நம்பிய ஒரு பெருக்கலை, மாணவர்கள் கேட்ட கேள்வி அசைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஓர் எண்ணைக் காட்டி, “கம்ப்யூட்டர் இப்படிச் சொல்லுகிறது” என்று யாரேனும் கூறினால், “எதைக் கொண்டு சொல்லுகிறது?” என்று மரியாதையோடும் உறுதியோடும் கேட்க ஒவ்வொரு பிரஜையும் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கிராமந்தோறும் பரப்புவதே இன்றைக்கு உண்மையான சுகாதாரப் பிரசாரம்.