ஒரு வேன், இரண்டு பேட்டரி

அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் குளிர்காலம் முழுக்க வேன்வீடுகள் நிற்கும். மின்கம்பம் கிடையாது, சோலார்தான். எங்கள் வேனில் பழைய லெட் ஆசிட் பேட்டரியும் உண்டு, புது லித்தியமும் உண்டு. இரண்டையும் நேரடியாகச் சேர்த்துவிடலாமே என்பார்கள். நான் சேர்ப்பதில்லை.

முழுச் சார்ஜில் சும்மா இருக்கும்போது லெட் ஆசிட் சுமார் 12.7 வோல்ட் காட்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் 13.3-க்குக் குறையாது. சேர்த்தால் லித்தியமே முதலில் உழைக்கும். அது கிட்டத்தட்ட தீரும்வரை மற்றது விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து கிடக்கும். தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட்டுக்கு அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுவார்கள். லித்தியத்துக்கு அது ஆகாது. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது.

அதனால் நடுவே ஒரு டிசி-டிசி சார்ஜர். இன்ஜின் ஓடும்போது லெட் ஆசிட் பக்கமிருந்து லித்தியத்துக்கு அளந்து அனுப்பும். ஆல்டர்னேட்டரும் சூடேறாமல் பிழைக்கும். விலைதான் கொஞ்சம் உறுத்தும்.