கூட என்ன சேர்ப்பீங்க, பாட்டி?

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பாட்டியிடம் "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "அந்தக் கருமமெல்லாம் நமக்கு எதுக்குப்பா" என்பார். பொய் இல்லை. கன்னத்தில் அப்போதும் புகையிலை அதக்கியிருக்கும்.

மருத்துவ, செவிலிய மாணவர்களுக்குப் புகையிலைப் பாடம் நடத்த திண்டுக்கல்லைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. ஒரு காலத்தில் ஸ்பென்சர் கம்பெனிக்குச் சுருட்டு உருட்டிய ஊர் இது. வாசனைப் புகையிலைக்கும் பேர்போனது. பக்கத்து வேடசந்தூரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அங்கே உருவான மெல்லும் புகையிலை ரகங்களின் பெயர்களைக் கேளுங்கள்: அபிராமி, மீனாட்சி, பாக்கியலட்சுமி. சாமி பேர் கொண்ட இலையைக் கெட்ட பழக்கம் என்று எந்தப் பாட்டி ஒப்புக்கொள்வார்?

2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் கடை கூடாது... இவையெல்லாம் ஒரே ராத்திரியில் மனப்பாடமாகிவிடும். வாய்திறந்து கேட்பதுதான் வராது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில், இந்தியாவில் புகைப்பவர்களைப் போல இரு மடங்குப் பேர் புகையில்லாப் புகையிலை பயன்படுத்துவது தெரிந்தது. "புகைப்பீங்களா?" என்று மட்டும் கேட்கும் மாணவர், பெரும்பாலானவர்களைத் தவறவிடுகிறார்.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அந்தச் சமயத்தில்தான், மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து போய்ப் பார்க்கும் திட்டமும் நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். பாடத்தில் சேர்ந்தது. இதைவிட நல்ல வகுப்பறை உண்டா? திண்ணையில் உட்கார்ந்து, "வெத்தலை போடுவீங்களா? கூட என்ன சேர்ப்பீங்க? எந்தப் பக்கம் அதக்குவீங்க? வாயில வெச்சபடியே தூங்கிடுவீங்களா?" என்று கேட்கலாம். பாட்டி காட்டும் பக்கத்தில்தான் டார்ச் முதலில் விழ வேண்டும். சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படை, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரல்கூட நுழையாதபடி இறுகிய வாய்: இவற்றைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்த வீடு புகையிலை விளைவிக்கும் வீடாகவும் இருக்கலாம். அங்கே போய் அறிவுரை பொழிந்தால் அடுத்த முறை கதவு திறக்காது.

விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். பெட்டிக்கடையில் சில்லறையாகக் கிள்ளி வாங்கும் இலையில் எந்த எண்ணும் இருக்காது. அந்த இலவச எண்ணைப் பாட்டிக்கு நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், தம்பி, தங்கைகளே. கொஞ்சம் பெரிய எழுத்தாக.