பூச்சியைப் பிடித்து விடுவிக்கும் பூ

மலாக்காவில் மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பூச்சி பிடிக்கும் செடி என்றால் 'பெரியோக் கெரா' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் குடுவைச் செடிதான் நினைவுக்கு வரும். அதில் தொங்கும் குடுவை பூ அல்ல, இலையின் நுனி. உள்ளே விழுந்த பூச்சி அங்கேயே செத்துக் கரைந்துவிடும். பூவாலேயே பூச்சியைப் பிடிக்கும் செடியும் நம் மலேசியக் காட்டில் உண்டு. அது கொல்வதில்லை, வேலை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும். பெயர் திஸ்மியா.

நேரில் பார்த்தாலும் செடி என்று நம்பத் தோன்றாது. இலை கிடையாது, பச்சையம் கிடையாது. மரவேர்களோடு கூடி வாழும் மண்பூஞ்சையிடமிருந்தே உணவை எடுத்துக்கொள்கிறது. பூக்கும் காலத்தில் மட்டும் சருகைத் தள்ளிக்கொண்டு தலைகாட்டும்.

பூவின் உடல் ஒரு சிறு குவளை. உச்சியில் குறுகிய வாய். ஹாங்காங்கில் ஒரு திஸ்மியாவை ஆராய்ந்தவர்கள், பூஞ்சைக் கொசு எனப்படும் நுண்ணிய பூச்சிகள் அதற்குள் போய்ச் சிக்குவதைக் கண்டார்கள். உள்ளே ஆறு மகரந்தத்தாள்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. வழி தேடும் பூச்சி அவற்றின் இடுக்கில் நெருக்கியடித்துத்தான் வெளியேற வேண்டும். அப்போது மகரந்தம் உடலில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும். பிறகு காய் கிண்ணம்போல் திறக்கும். மழைத்துளி விழுந்து விதைகளைத் தெறிக்கவிடும்.

திஸ்மியா கண்ணில் படுவதே அரிது. சரவாக்கின் மாத்தாங் மலைப்பகுதியில் 1866இல் இத்தாலியத் தாவரவியலர் ஒடோவார்டோ பெக்காரி கண்ட திஸ்மியா நெப்டியூனிஸ், 2017இல்தான் மறுபடி கண்ணில் பட்டது. இடையில் 151 ஆண்டுகள்! சிகாகோவில் 1912இல் கிடைத்த இன்னோர் இனத்தை 1916க்குப் பிறகு யாருமே பார்க்கவில்லை.

நம் தீபகற்பத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 2023 நவம்பரில், சிலாங்கூர் உலு லங்காட்டில், சுங்கை சொங்காக் பொழுதுபோக்குக் காட்டின் ஆற்றோரத்தில், மரவேர்களின் இடுக்கில் சுமார் 10 செ.மீ. உயரத்தில் ஒரு புதிய இனம் தென்பட்டது. 2025இல் அதற்குத் திஸ்மியா சிலாங்கூரென்சிஸ் என்று பெயர் சூட்டினார்கள். தேடித் தேடியும் 20 செடிகள்கூடத் தேறவில்லை. குடும்பங்கள் பாய் விரித்துச் சோறு சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது இத்தனை காலம் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு வியப்பைவிடப் பயம்தான் அதிகம்.

பிடுங்கிவந்து தொட்டியில் நட்டுக் காப்பாற்றலாம் என்று எண்ண வேண்டாம். தன் பூஞ்சையைப் பிரிந்தால் இது பிழைக்காது. சொங்காக்குக்கோ, நமக்குப் பக்கத்திலுள்ள சுங்கை ஊடாங் காட்டுக்கோ போகிறவர்கள் பாதையை விட்டு இறங்காதீர்கள். மரவேர்களுக்கு இடையில் கிடக்கும் சருகை மிதிக்கவோ கிளறவோ வேண்டாம். விசித்திரமான பூ எதையாவது கண்டால் தொடாமல் படம் மட்டும் எடுத்து, கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு அனுப்பிவையுங்கள்.